மூன்றாவது சங்கு

மே 31, செவ்வாய்

சுரங்கத்தின் கிழக்குப் படியில் இன்று வெடி. நேற்றே எழுதி வைத்துவிட்டேன்: குடம்.

பிற்பாடு யாராவது எடுத்துப் பார்த்தால் விளங்க வேண்டும் என்பதற்காக ஒரு முறை விவரம் எழுதுகிறேன். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து வைத்து வெடித்தால் கல் எந்த அளவில் உடைந்து விழும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும். என் கணக்கில் நாலே அளவுதான். தேங்காய், குடம், ஆட்டுரல், மாடு. குடம் வரைக்கும் கல்லரைக்கிற கிரஷர் விழுங்கும். ஆட்டுரல் என்றால் திணறும். மாடு விழுந்தால் கிரஷரை நிறுத்திவிட்டு, சுத்தியல் வண்டியைக் கொண்டுவந்து மறுபடி உடைக்க வேண்டும். அன்றைக்குப் பாதி வேலை கெட்டது. இந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் என் காலம் முழுக்க மருந்து வைத்திருக்கிறேன். எவனும் சொல்லித் தரவில்லை. துளை போடும்போது வருகிற ஓசையையும் தூளின் நிறத்தையும் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. ஓய்வு பெறும்போது கொடுத்த சான்றிதழில் 'குத்தாலிங்கம், மருந்து சுமப்பவர்' என்று போட்டுக் கொடுத்தார்கள். வைத்தவன் நான். சுமந்தவன் வேறு ஆள். திருத்தித் தரச் சொல்லி அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை.

மத்தியானம் முதல் சங்கு ஊதியதும் பேராச்சி வந்தாள். சிவப்புக் கொடியும் வாக்கி டாக்கியும் வைத்துக்கொண்டு கிழக்குக் காவலுக்கு நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளி. அபாய வட்டத்துக்குள் ஒரு ஆள் இருந்தாலும் வெடி போடக் கூடாது என்பது சட்டம். இந்த மேட்டுத் தெருவில் மற்ற வீடுகளையெல்லாம் நிறுவனம் வாங்கி இடித்துவிட்டது. நான் விற்கவில்லை. ஆகவே கிழக்குக் காவல் என்றால் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போவதுதான்.

"பெரியப்பா, சங்கு ஊதியாச்சு. கெளம்புங்க."

"சட்டையத் தேடுதேன்."

"கொடியிலதான் கெடக்கு. போன வாரமும் அங்கனதான் கெடந்துச்சு."

"அது அழுக்கு."

"கல்லு வந்து விழுகும்போது வெளுத்த சட்டையா அழுக்குச் சட்டையான்னு பாத்தா விழும்?"

வாக்கி டாக்கியில் கிழக்கு கிளியரா என்று கேட்டார்கள். "இன்னும் இல்ல சார். மாப்பிள்ள சட்டை மாத்துதாரு" என்றாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இதெல்லாம் ஒரு மரியாதையா?

வட்டத்துக்கு வெளியே பழைய பேருந்து நிழற்குடை இருக்கிறது. சாலையை மாற்றிப் போட்டதிலிருந்து அங்கே பேருந்து நிற்பதில்லை. இரண்டாவது சங்கு ஊதி, வெடி போட்டு, எல்லாம் சரி என்று மூன்றாவது சங்கு ஊதுகிற வரைக்கும் அங்கேதான் உட்கார வேண்டும். அவள் புளிச்சோறு கொண்டுவந்திருந்தாள். நான் பிளாஸ்கில் டீ கொண்டுபோயிருந்தேன். ஒன்று மண்ணில் விழுந்தால் இருக்கட்டும் என்று டம்ளர் எப்போதும் இரண்டாக எடுத்துப் போவேன்.

செவ்வாய்தோறும் இது ஒரு தொல்லை.

சாயங்காலம் டீக்கடையில் கிரஷர் ஓட்டுகிற சூசையைப் பார்த்தேன். "குடம்தான் அண்ணாச்சி" என்றான். எனக்குத் தெரியும்.


ஜூன் 1, புதன்

பிளாஸ்டிங் ஆபீசர் நவநீதன் வீட்டுக்கு வந்திருந்தான். சேலத்துப் பையன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்; அதை ஒப்புக்கொள்கிறேன். மடிக்கணினியைத் திறந்து ஒரு வளைகோட்டைக் காட்டினான். எத்தனை பங்கு கல் எந்த அளவுக்குக் கீழே இருக்கும் என்று அது சொல்லுமாம். விழுந்த கல்லைப் படம் பிடித்துப் போட்டால் சொன்னதும் நடந்ததும் பொருந்துகிறதா என்றும் பார்க்குமாம்.

கிழக்குப் படிக்குப் புதுத் திட்டம். துளைகளை நெருக்கிப் போடுவது. ஒவ்வொரு துளைக்கும் மருந்தைக் குறைத்து, மேலே மண் அடைப்பைக் கூட்டுவது. ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெடிக்கும். அப்படிச் செய்தால் கல் தூரமாகப் பறக்காது.

"மூணு சோதனை வெடி போடுறோங்க ஐயா. கல்லும் பறக்காம, பெரிய பெரிய போல்டரும் அதிகம் விழாம இருந்துச்சுன்னா இதையே நிரந்தரமாக்கிருவோம். அபாய வட்டத்தைச் சுருக்க அனுமதி வாங்கிருவோம். உங்க வீடு வெளிய வந்துரும். அப்புறம் வெடி நேரத்துல நீங்க நிம்மதியா வீட்லயே இருக்கலாம். யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க."

மண் அடைப்பைக் கூட்டினால் மேல்பகுதிப் பாறைக்கு அடி போய்ச் சேராது, அது அப்படியே பெயர்ந்து மாடு மாடாக விழும் என்றேன். அதற்குத்தான் துளைகளை நெருக்குகிறோம் என்றான். உப்பு மருந்து சாரலுக்கு ஆகாது, நனைந்தால் செத்துப்போகும் என்றேன். "மழைக்கு முன்னாடியே வெடிச்சிருவோம் ஐயா" என்றான்.

தகவல் தெரிவித்ததற்குக் கையெழுத்து கேட்டான். தாளில் என் பெயருக்குக் கீழே 'முன்னாள் மருந்து சுமப்பவர்'. போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் எதிர்ப்பது தொழில்முறையில்தான். வேறு ஒன்றுமில்லை.


ஜூன் 2, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.


ஜூன் 5, ஞாயிறு

தோசை மாவு புளித்துவிட்டது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரைப்பது என்று இன்னும் கைக்கு வரவில்லை. கொட்டிவிட்டேன்.

கோமதி ஃபோன் செய்தாள். மருமகள் பிரசவத்துக்கு என்று பெங்களூருக்குப் போன என் வீட்டுக்காரி, குழந்தை நடக்கிற வரைக்கும் என்றாள், பிறகு பேசுகிற வரைக்கும் என்றாள். இப்போது பேரன் பாட்டுப் பாடுகிறானாம். முதலில் எல்லாம் நீங்களும் இங்கே வந்துவிடுங்கள் என்பாள். வீட்டை விட்டுவிட்டு வர முடியாது என்பேன். இப்போது அவள் கேட்பதில்லை. நானும் அவளைத் திரும்பி வரச் சொல்வதில்லை. போனவளுக்குத் தெரிய வேண்டும்.

"சாப்ட்டியளா?"

"ஆச்சு."

"என்ன?"

"தோசை."

"மேலுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. வைக்கட்டா?"

வைத்துவிட்டேன். பிறகு ரேடியோ கேட்டேன். பேட்டரி தீரப்போகிறது.


ஜூன் 7, செவ்வாய்

முதல் சோதனை வெடி. எழுதி வைத்தது: மாடு.

காலையிலிருந்தே மேற்கே மலை தெரியவில்லை. சாரல் இறங்கி வருகிறது என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். துளைகளில் மருந்தை நிரப்பி முடித்திருந்தார்கள்; பேராச்சி வந்து நின்றபோது கண்ணாடியைக் காணோம். கண்ணாடி இல்லாமல் அந்தக் கல் பாதையில் எப்படி நடப்பது? உள் அறையில் தேடினேன். அடுப்படியில் தேடினேன்.

"பெரியப்பா, கைய நான் புடிச்சுக்கிடுதேன், வாங்க."

"எனக்கென்ன கண்ணா தெரியாது? கண்ணாடிதான் வேணும்."

"அங்க சாரல் வருது. சார் கத்துதாரு."

"சாரலுக்கு நான் என்ன செய்ய?"

முக்கால் மணி நேரம் கழித்து அரிசிப் பானைக்குள் கிடைத்தது. அங்கே எப்படிப் போனது என்று தெரியவில்லை. நாங்கள் நிழற்குடைக்குப் போய்ச் சேருவதற்குள் நல்ல சாரல். டீ சூடாக இருந்தது. அவள் கொடியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்தக் கொடி இன்னைக்குத்தான் ஒரு உருப்படியான வேலைக்கு ஆச்சு."

வெடித்தபோது தரை தூக்கிப் போட்டது. காலில் அடிக்கிற அடி கல்லை உடைக்காமல் தப்பி வந்த அடி. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.


ஜூன் 8, புதன்

மாடு. ஒன்றல்ல, மந்தை. சூசை மத்தியானம் வரைக்கும் கிரஷரை நிறுத்தி வைத்திருந்தானாம்.

"அண்ணாச்சி, ஒரு கல்லு மேல ஏறி நின்னு பாத்தேன், எங்க வீடு தெரிஞ்சுது" என்றான்.

கடையில் எல்லோருக்கும் என் கணக்கில் டீ சொன்னேன். மூன்று பேர்தான் இருந்தார்கள்.

நவநீதன் வழியில் பைக்கை நிறுத்தினான். "மழைக்கு முன்னாடி போட்டிருந்தா சரியா வந்திருக்கும் ஐயா. மேல்மருந்து நனைஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னான். கண்ணாடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். தன் கணக்குத் தப்பினால் மழையைச் சொல்வது படித்தவர்கள் வழக்கம்.


ஜூன் 11, சனி

அலுவலகத்துக்கு எழுதினேன். புதுத் திட்டத்தால் உற்பத்திக்கு நட்டம், கிழக்குக் காவலில் நிற்கும் ஏழைப் பெண்ணுக்கும் வேலை போகும், பழைய முறையே நல்லது என்று. கடைசியில் சான்றிதழ் விஷயத்தையும் நினைவூட்டினேன். தபால் பெட்டி வரைக்கும் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். மேட்டுத் தெருவில் என் செருப்புச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.


ஜூன் 14, செவ்வாய்

இரண்டாவது சோதனை. எழுதி வைத்தது: மாடு.

இம்முறை துளை வாயையெல்லாம் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தார்கள். சாரல் விட்டு விட்டு வந்தது. பேராச்சி வந்தபோது உள் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. பழைய கதவு. ஊறிப் போயிருக்கும்.

வெளியே அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். வாக்கி டாக்கியில் யாரோ அவளை ஏசுவது உள்ளே எனக்குக் கேட்டது. நவநீதன் இல்லை, வேறு ஒருவன். ஒரு கிழவனை வெளியே கூட்டி வரத் துப்பில்லை, நீ எதற்கு அங்கே என்றான். "சரி சார், சரி சார்" என்றாள். அதன்பிறகு தாழ்ப்பாள் திறந்துகொண்டது.

நிழற்குடையில் டீயை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"எடுத்துக் குடி. ஆறிப் போவும்."

"வேண்டாம் பெரியப்பா."

"அவன் ஏசினதுக்கு நான் என்ன செய்ய? தாழ்ப்பாளு..."

"தாழ்ப்பாளு நல்லாத்தான் இருக்கு. போன மாசம் நான்தான எண்ணெய் போட்டேன்."

பிளாஸ்க் மூடியைத் திருகினேன். அவளே பேசினாள்.

"கம்பெனி நாத்துப் பண்ணையில ஒரு எடம் இருக்கு. நெழல்ல உக்காந்து பையில மண்ணு அள்ளிப் போடுத வேலை. ரெண்டு வருசமாக் கேக்கேன். கிழக்குக் காவலுக்கு வேற ஆளு நிக்க மாட்டேங்காங்க, நீயே நில்லுங்காங்க. எனக்கு வெயில்ல நின்னு நின்னு கண்ணுல பூ விழுந்துட்டு. டாக்டரு வெயில்லயே போகாதங்காரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"என்னத்தச் சொல்ல? உங்களாலதான் நிக்கேன்னு சொல்லவா?"

மருந்து நனைந்ததோ என்னவோ, வெடிச் சத்தம் அமுங்கிக் கேட்டது. அவள் எழுந்து கொடியைச் சுற்றினாள்.

"உங்க கடுதாசிய ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டினாங்க. ஏழைப் பெண்ணுக்கு வேலை போவுமாம். பெரியப்பா, இந்த வேலை போகணும்னுதான் நான் நேந்துக்கிட்டு இருக்கேன்."

மூன்றாவது சங்கு ஊதியது. அவள் நாலு எட்டு போய்த் திரும்பினாள். "இன்னொண்ணு. ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் பெரியம்ம எனக்குப் போன் போடுதா. வெளிய வந்துட்டாரா, சட்டை போட்டுருக்காரா, டீ கொண்டாந்தாரான்னு. இனிமே அவளே உங்ககிட்டக் கேட்டுக்கிடட்டும்."

கோமதி அவளிடம் கேட்கிறாள். என்னிடம் கேட்க வாய் இல்லை.

அந்த டீயை நானே குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது.


ஜூன் 15, புதன்

ஆட்டுரல். அங்கங்கே மாடு. சுமார்தான், பழைய முறையை விட மோசமில்லை என்று சூசை சொன்னான். நவநீதன் மூன்றாவதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறானாம்.


ஜூன் 17, வெள்ளி

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் தேவைப்படவில்லை.


ஜூன் 18, சனி

வீட்டைப் பெருக்கினேன். சுரங்கத் தூசு எல்லாவற்றின் மேலும் மாவு மாதிரி படிந்திருக்கிறது. கோமதி இருந்தபோது படியவில்லையா, அல்லது அவள் துடைத்துக்கொண்டே இருந்தாளா தெரியவில்லை. அடுப்படித் தட்டுகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். பன்னிரண்டு தட்டு. ஒரு தட்டுப் போதும்.

வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ரேடியோ. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.


ஜூன் 20, திங்கள்

மூன்றாவது சோதனைக்குத் துளை போடுகிறார்கள். வேலியோரம் போய் நின்றேன். காலை முழுக்க நின்றேன்.

ஓசை ஒரே சீராக இருந்தது. நடுவில் எங்கும் பொத்தென்று இறங்கவில்லை, அதாவது உள்ளே களிமண் இல்லை, வெடிப்பு இல்லை. தூள் வெள்ளை. துளைகளின் இடைவெளி சரியாக இருக்கிறது. நெருக்கமும் அல்ல, அகலமும் அல்ல. படியின் முகப்பில் அடிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்த பாறையை முன்னாலேயே செதுக்கி எடுத்துவிட்டான். பையன் படியில் இறங்கி ஒவ்வொரு துளைக்கும் கயிறு விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டான். கையைத் தூக்கினான். நான் தூக்கவில்லை.

மேற்கே மலை பளிச்சென்று தெரிகிறது. நாளைக்குச் சாரல் பிற்பகலில்தான் இறங்கும்.

வீட்டுக்கு வந்து 'மாடு' என்று எழுதினேன். இந்த நாட்குறிப்பில் நான் பொய்க் கணக்கு எழுதியது கிடையாது. அடித்துவிட்டேன்.

தேங்காய்.

நேரத்துக்கு வெடித்தால்.


ஜூன் 21, செவ்வாய்

காலையில் சட்டையை வெளுத்துக் காயப்போட்டேன். கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றினேன். முதல் சங்கு ஊதுவதற்கு முன்பே கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு தெருவில் வந்து நின்றேன். கால் வலித்தது. இடிந்த வீடுகளில் ஒன்றின் படிக்கல் மேல் உட்கார்ந்தேன்.

பேராச்சி மேட்டில் ஏறி வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன பெரியப்பா, வீட்டுக்குள்ள பாம்பு கீம்பு புகுந்துட்டா?"

"சும்மா நிக்காத. சாரல் வரதுக்குள்ள போவோம்."

வாக்கி டாக்கியில் அவள் "கிழக்கு கிளியர்" என்றாள். அந்தப் பக்கம் யாரோ, "மறுபடி சொல்லும்மா" என்றான்.

நிழற்குடையில் அவள் டீயை வாங்கிக் குடித்தாள். "இன்னைக்கு என்ன வரும் பெரியப்பா? மாடா?"

"தேங்கா."

"நெசமாவா?"

"நான் எப்பம் பொய் சொன்னேன்?"

அவள் டம்ளரைக் கவிழ்த்து மண்ணில் உதறினாள். வெடி வந்தது. தூரத்தில் யாரோ மூட்டை மூட்டையாக இறக்குகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் பொத பொதவென்று. காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு கல் கூட மேலே எழும்பவில்லை. வெள்ளையாகத் தூசி எழுந்து அப்படியே படிந்தது.

நல்ல வெடி. நான் வைத்திருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.


ஜூன் 22, புதன்

"தேங்கா அண்ணாச்சி. சல்லடையில சலிச்ச மாதிரி. கிரஷர் நிக்கவே இல்ல" என்றான் சூசை.

சாயங்காலம் நவநீதன் வந்தான். அவன் வளைகோடும் அப்படியே வந்துவிட்டதாம். காட்டினான். கோடு ஒன்றன் மேல் ஒன்று கிடந்தது. சீக்கிரம் கிளம்பி வந்ததற்கு நன்றி என்றான். அந்தத் தாளை மறுபடியும் நீட்டினான். இம்முறை 'மருந்து சுமப்பவர்' என்பதை நீக்கிவிட்டு, வெறுமனே என் பெயரை மட்டும் போட்டிருந்தான்.

"சுமந்தவன் இல்லன்னு போட்டா போதாது. யாருன்னு போடணும்லா" என்றேன்.

"அது ஹெட் ஆபீஸ்ல மாத்தணும் ஐயா. நான் எழுதுறேன். இதுல நீங்க கையெழுத்துப் போடாட்டியும் பரவாயில்லைங்க. கட்டாயம் இல்ல."

கட்டாயம் இல்லை என்று முன்பே சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் நான் போட மறுத்துக்கொண்டிருந்தேன்.


ஜூலை 5, செவ்வாய்

அனுமதி வரும் வரைக்கும் பழைய வட்டம்தான். பேராச்சி வந்தாள். சட்டை போட்டே இருந்தேன். போன வாரமும் இப்படித்தான் என்பதால் எழுதவில்லை.


ஜூலை 12, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. இன்றைக்குக் கடைசிக் காவல். எழுதி வைத்தது தேங்காய், வந்ததும் தேங்காய். இப்போதெல்லாம் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

நிழற்குடையில் பேராச்சி புதுச் செருப்பைக் காட்டினாள். நாற்றுப் பண்ணை ஈரத்துக்கு என்று வாங்கியதாம். வேம்பு, புங்கை, இலுப்பை எல்லாம் பையில் போட வேண்டும். "ஒரு நாளு அந்தப் பக்கம் வாங்க பெரியப்பா. ஒரு கன்னு தாரேன், வீட்டு முன்னால வைக்கலாம்."

"யாரு தண்ணி ஊத்துவா?"

"நீங்கதான். வேற என்ன சோலி?"

மூன்றாவது சங்கு ஊதியது. அவள் கொடியைக் கம்பில் சுற்றி, அதையும் வாக்கி டாக்கியையும் தூக்கிக்கொண்டாள். டம்ளரைக் கழுவ மறந்துவிட்டாள். பரவாயில்லை. நானே கழுவினேன்.


ஜூலை 14, வியாழன்

இரண்டு பேர் வந்து என் வீட்டு எதிரே இருந்த 'அபாயம்' பலகையைப் பிடுங்கி எடுத்துப் போனார்கள். குழியை மூடவில்லை. நான்தான் மண் தள்ளினேன். தண்ணீர் கேட்பார்கள் என்று செம்பில் எடுத்து வைத்திருந்தேன்.


ஜூலை 17, ஞாயிறு

கோமதி ஃபோன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்வாள்.


ஜூலை 19, செவ்வாய்

எழுதி வைத்தது: தேங்காய்.

மத்தியானம் பிளாஸ்கில் டீ போட்டுவிட்டேன். ஊற்றி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. சட்டையும் போட்டிருந்தேன். கழற்றவில்லை, சாரல் குளிராக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதல் சங்கு ஊதியது. தெருவில் யாரும் இல்லை.

ஃபோன் அடித்தது. கோமதி.

"பேராச்சி நாத்துப் பண்ணைக்குப் போயிட்டாளாமே."

"ஆமா."

"அப்பம் ஒங்கள யாரு வெளிய கூட்டிட்டுப் போவா?"

"வெளிய போவ வேண்டாம். வட்டத்தச் சுருக்கியாச்சு. கல்லு வராது."

"எழுதி வச்சாச்சா?"

நான் எழுதுவது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. "தேங்கா" என்றேன்.

"தேங்கான்னா தட்டு ஆடாது."

"எந்தத் தட்டு?"

"அடுப்படியில கவுத்தி வச்சிருக்கத் தட்டு. கொடம்னா லேசாக் கிலுங்கும். ஆட்டொரல்னா ஒண்ணோட ஒண்ணு முட்டும். மாடுன்னா ரெண்டு தட்டாவது கீழ விழும். அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்தா மூஞ்சியப் பாக்க முடியாது. தட்டு விழுந்தா ஒடனே கருவாட்டை எடுத்து ஊறப் போட்ருவேன். கருவாடு இருந்தாத்தான் ஏச்சு கொஞ்சம் கொறையும்."

நான் துளையோரம் நின்று கற்றுக்கொண்டதை அவள் அடுப்படியில் நின்று கற்றுக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ கெட்ட நாளில் கருவாடு இருந்தது என் நினைவில் இருக்கிறது. தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டியளா?"

இரண்டாவது சங்கு ஊதியது. "வச்சிராதீங்க. நானும் கேக்கேன். கேட்டு எத்தன நாளாச்சு" என்றாள். நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கமாகப் பிடித்தேன்.

வெடித்தது. பானைத் தண்ணீரில் மட்டும் ஒரு வளையம் எழுந்து அடங்கியது. தட்டு ஆடவில்லை. காதில் வைத்தேன்.

"என்ன, இன்னும் போடலையா?"

அவ்வளவு மெதுவான வெடி. ஃபோனில் போய்ச் சேரவில்லை.

"இன்னும் இல்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதி வைக்கத் தேவையில்லை.

"நேரமாவுமோ?"

"சாரல் இருக்குல்லா. பாத்துத்தான் போடுவான்."

"சரி" என்றாள். பேரன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மூட மாட்டேன் என்கிறானாம். அங்கே கீரைக்கட்டு கையளவுதான் இருக்கிறதாம். மருமகள் நல்ல மாதிரிதானாம், ஆனால் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லையாம். நான் டீயை டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு கேட்டேன். தோசை மாவு ஒரு ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டேன். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் உளுந்து போதும் என்றாள்.

அப்போது மூன்றாவது சங்கு ஊதியது. எல்லாம் முடிந்தது என்கிற நீளச் சங்கு. வெடியைக் குறைத்தவர்கள் சங்கைக் குறைக்கவில்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அந்தச் சங்கைக் கேட்ட பிறகுதான் அவள் எனக்கு உலை வைப்பாள். அது அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

சங்கு ஊதி முடிந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சரி, அவன் மெதுவாவே போடட்டும்" என்றாள் கோமதி. "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."